மல்லாட்டைக் கொட்டகையில் டச் ஸ்கிரீன்

17 நவம்பர் 2025, திங்கள்

நான் கதை வாசிக்கிற ரீடர் போய்விட்டது. மல்லாட்டை மூட்டை, அதான் வேர்க்கடலை மூட்டை, சரிந்து அதன் மேலேயே விழுந்தது. திரையில் மேல்பாதி கறுப்பு, கீழே நாலு வரி மட்டும் தெரிகிறது. அந்த நாலு வரியை வாசித்து நிறுத்தியதும் கொட்டகையில் ஒரே கூச்சல். கதையில் வருகிற பெண், புருஷன் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிற ஊருக்குப் பஸ் ஏறிப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அதோடு நின்றுவிட்டது.

"கதவ தொறந்தது யாருடி செல்வி?" என்று அமிர்தம் அக்கா என் தோளைப் பிடித்து உலுக்குகிறார். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

விதை மல்லாட்டையை மெஷினில் போட்டால் பருப்பு பிளந்துவிடும் என்று நிலத்துக்காரர் லட்சுமியம்மா வருஷா வருஷம் எங்களை வைத்துக் கையால்தான் உடைக்கிறார். எட்டுப் பேர். ஏழு பேர் உடைப்பார்கள், நான் வாசிப்பேன். அவரவர் முறத்திலிருந்து அவ்வப்போது ஒரு கை பருப்பு அள்ளி என் முறத்தில் போடுவார்கள். சாயங்காலம் கூலிக்கு அளக்கும்போது என் முறமும் மற்றதற்குச் சமமாக இருக்கும். மாட்டுக்குச் சோளத்தட்டை வெட்டுகிற மெஷினில் என் வலது கட்டை விரல் நுனி போனதிலிருந்து, நாலு வருஷமாக இதுதான் ஏற்பாடு. பிச்சை இல்லை, வேலை. தொண்டை வற்ற வாசிக்கிறேன்.

19 நவம்பர், புதன்

கள்ளக்குறிச்சி போய் வந்தேன். லட்சுமியம்மாவே புது ரீடர் வாங்கித் தருகிறாராம். "நீ வாசிச்சாதான்டி ஒருத்தியும் லீவு போட மாட்றாளுங்க" என்றார். அதனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தம்பி அறிவுச்செல்வன் வைத்திருக்கிற மொபைல் கடைக்கே போனேன்.

பழையது மாதிரியே, ஓரத்தில் பட்டன் வைத்தது வேண்டும் என்றேன். சிரிக்கிறான்.

"பட்டன் மாடல்லாம் இப்ப யாருக்கா கேக்கறாங்க? இத பாரு, டச்சு. கலரு. பேனாவால எழுதிக்கலாம். வார்த்த மேல வெரல வெச்சா அர்த்தம் வரும். உள்ளயே லைட்டு."

எழுத எனக்கு இந்த நோட்டு போதும். அர்த்தம் சொல்ல எங்கள் கொட்டகை ஜெயம்மா இருக்கிறார். அர்த்தத்தோடு, அந்த வார்த்தையை எந்தக் கல்யாணத்தில் யார் யாரைப் பார்த்துச் சொல்லிச் சண்டை வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வார். கதைக்குக் கலர் எதற்கு? லைட் மட்டும் நல்லது, ஒத்துக்கொள்கிறேன். மழை நாளில் கொட்டகையில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தலை வலிக்கும்.

அதற்குள் அவன் லட்சுமியம்மாவுக்கே போன் போட்டுவிட்டான். "இது தானாவே படிக்கும்மா. ஆளே வேணாம்."

ஸ்பீக்கரில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "அப்பிடியா? அப்ப செல்வியும் ஒக்காந்து ஒடைக்கலாம் இல்ல?"

அவன் வாங்கி வைத்த டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

20 நவம்பர், வியாழன்

சோறு இறங்கவில்லை. கோபம்தான். பயம் இல்லை.

22 நவம்பர், சனி

சரி, எழுதிப் பார்க்கிறேன். டச் ஏன் வேண்டாம்? கொட்டகை பூராவும் தூசி. எங்கள் கைகள் காய்த்துப் போனவை. பட்டன் என்றால் பார்க்காமலே அமுக்கலாம், வரியிலிருந்து கண்ணை எடுக்க வேண்டாம். விரல் நுனி இல்லாவிட்டாலும் கணுவால் அமுக்கலாம். பக்கம் திருப்ப ஒரு பட்டன், போதும். எல்லாம் நியாயமான காரணங்கள்.

ஆனால் உண்மை என்ன செல்வி? அது வாசித்துவிட்டால் நீ எதற்கு? அதுதானே?

ஆமாம், அதுதான். எழுதிவிட்டேன். இருந்தாலும் தூசி தூசிதான், விரல் விரல்தான். எனக்குப் பயம் இருக்கிறது என்பதால் என் காரணங்கள் பொய்யாகிவிடாது. யார் கேட்டாலும் சொல்வேன்.

24 நவம்பர், திங்கள்

டச் ரீடர் வந்துவிட்டது. லட்சுமியம்மா மஞ்சள் குங்குமம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

என் கட்டை விரலை அது மதிக்கவே இல்லை. தழும்பை வைத்து அழுத்தினால் கல் மாதிரி இருக்கிறது. அமிர்தம் அக்கா நான் தேய்க்கிறேன் பார் என்று வந்தார். அவருக்கும் அசையவில்லை.

"ரேஷன் கடையிலயும் என் ரேக வுழமாட்டுது. இதுக்கும் நான் ஆளு இல்லியா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆள்காட்டி விரலால் ஒருவழியாகத் திருப்பி வாசிக்க ஆரம்பித்தேன். தூசி படிந்தது. ஜெயம்மா வழக்கம்போல எட்டி முந்தானையால் துடைத்தார். நாலு வருஷமாக அப்படித்தான் துடைக்கிறார், நாங்கள் எல்லாருமே அப்படித்தான். துடைத்ததையே டச் என்று எடுத்துக்கொண்டு பக்கங்கள் பறந்தன. நான் கவனிக்காமல் அடுத்த வரியை வாசித்தால், கதவைத் தட்டினவள் கிழவியாகித் தறியில் உட்கார்ந்திருக்கிறாள்! விட்ட இடத்தைத் தேடுவதிலேயே மதியச் சோற்று வேளை போயிற்று.

25 நவம்பர், செவ்வாய்

இன்று அதுவே வாசித்தது. லட்சுமியம்மா தன் விரலால் போட்டுவிட்டுப் போனார்.

குற்றம் சொல்ல வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பரவாயில்லாமல்தான் வாசிக்கிறது. தொண்டை கட்டவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. ஏழு பேர் கையும் வேகமாகப் போயிற்று. நானும் உடைத்தேன். யாரும் என் முறத்தில் ஒரு கை போடவில்லை; போட வேண்டிய அவசியம் இல்லையே. ஆள்காட்டி விரலில் ரத்தம் கசிந்தது, துணி சுற்றிக்கொண்டேன்.

ஜெயம்மா, "அவ எதுக்கு இப்ப அழுவுறா?" என்று கேட்டார். மெஷின் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. நான் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் அங்கே கதவு திறந்து மூடியே ஆகிவிட்டது. "யாரு தொறந்தது? நிறுத்துங்கடி அத!" என்று அமிர்தம் அக்கா கத்துகிறார். நாலு பேர் மாற்றி மாற்றித் தேய்த்தும் யார் விரலுக்கும் அது நிற்கவில்லை.

சாயங்காலம் என் முறத்தில் மற்றவர்களில் பாதிகூட இல்லை. லட்சுமியம்மா படியால் தட்டி, "போவப் போவ சரியாப் பூடும்" என்றார். எது சரியாகும்? விரல் முளைக்குமா?

26 நவம்பர், புதன்

போகவில்லை. நாளைக்கும் உடைக்கப் போக மாட்டேன்.

27 நவம்பர், வியாழன்

திரும்பவும் தம்பி கடை. யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்த ரீடர் ஒன்று அலமாரி அடியில் கிடந்தது. லைட் இல்லை, குரல் இல்லை, டச் இல்லை. இரண்டு பக்கமும் நீளப் பட்டன். கண்ணை மூடி அமுக்கிப் பார்த்தேன். டக் என்றது.

"இதுல ஒண்ணுமே இல்லக்கா. சும்மா எடுத்துகினு போ."

சும்மா வேண்டாம் என்று காசு கொடுத்து, அதே கதையை ஏற்றித் தரச் சொல்லி வாங்கிவந்தேன். ஒன்றுமே இல்லாததால்தான் வேண்டும் என்று சொன்னால் அவனுக்குப் புரியவில்லை. புரிய வேண்டாம்.

28 நவம்பர், வெள்ளி

போனேன். என் இடத்தில் உட்கார்ந்தேன். காலி முறத்தைப் பக்கத்தில் வைத்தேன். ரீடரைத் திறந்தேன்.

லட்சுமியம்மா வாசலில் நின்றார். "இன்னாடி இது? அவ்ளோ ஜாஸ்தி குடுத்து ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன், நீ வேற ஒண்ணு எடுத்துகினு வர்ற?"

"அது யாரு கேட்டாலும் நிக்காதும்மா. நான் நிப்பேன்" என்றேன்.

"வாசிச்சிக்க. எனக்கு இன்னா? ஆனா ஒருத்தியும் இவ மொறத்துல அள்ளிப் போடக் கூடாது. போட்டா அவளுக்கும் நாளைலேர்ந்து வேல இல்ல." சொல்லிவிட்டு அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வாசித்தேன். கதவைத் திறந்தது அந்த இன்னொருத்தி. கையெல்லாம் தோசை மாவு. வந்தவளைப் பார்த்ததும் யார் என்று கேட்கவில்லை, "உள்ள வாங்கக்கா" என்கிறாள். அங்கே நிறுத்தினேன். ஜெயம்மா மூக்கைச் சிந்தினார். அமிர்தம் அக்கா, "அவளும் இன்னா பண்ணுவா பாவம்" என்றார். அதற்கு உடைக்கிறவர்களில் ஒருத்தி சண்டைக்கு வந்தாள். சண்டை ஓயும்வரை பட்டன் மேல் கணுவை வைத்துக் காத்திருந்தேன்.

சாயங்காலம் ஏழு முறம் அளந்தார்கள். என்னுடையதில் ஒரு பருப்பு இல்லை. ஏழு பேரில் ஒருத்திகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது; யார் வீட்டிலும் இந்த வேலையை விட்டுவிடுகிற நிலைமை இல்லை. தெரியும். தெரிந்தும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

29 நவம்பர், சனி

இன்றும் வெறும் முறம். இன்றும் வாசித்தேன். திங்கட்கிழமையும் போவேன்.

1 டிசம்பர், திங்கள்

நாள் முழுக்க யாரும் என் முறத்தில் ஒரு கை போடவில்லை. லட்சுமியம்மா இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் படியை எடுத்துக்கொண்டு அவர் வந்ததும் அமிர்தம் அக்கா எழுந்தார். தன் முறத்தை நடுத்தரையில் கவிழ்த்தார். ஜெயம்மா தன்னுடையதை அதன் மேல் கவிழ்த்தார். ஏழு பேரும் கவிழ்த்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரும் என்னிடம் முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அமிர்தம் அக்கா என் காலி முறத்தையும் எடுத்து அந்தக் குவியல் மேல் கவிழ்த்துத் தட்டினார்.

"இன்னாடி பண்றீங்க? யாருது எது?"

"எங்குளுதும்மா. யாரும் யாருக்கும் அள்ளிப் போடல, நீங்க சொன்ன மாரியே. மொத்தமா அளந்து எட்டாப் பிரிச்சிக் கூலி குடுங்க."

"முடியாதுன்னா?"

அமிர்தம் அக்கா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மற்ற ஆறு பேரும் வேலையை விட்டுக் கிளம்புகிற மாதிரி அவிழ்த்தார்கள். விதைப்புக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. மூலையில் மூட்டைகள் அப்படியே அடுக்கிக் கிடந்தன.

லட்சுமியம்மா எங்கள் எட்டுப் பேரையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்தார், என்னைக் கொஞ்சம் அதிக நேரம். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு குவியல் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் படியை ஒன்று என்று எண்ணாமல் வழக்கம்போல "லாபம்" என்று சொல்லி அளக்க ஆரம்பித்தார்.