பெயர் தெரியாத கட்டங்கள்

அன்பு அக்கா,

எகிப்து முழுக்கச் சூடுதான்; நம் சோஹாக்கில் வெயில் கொளுத்துகிறது. சித்தப்பா நம் வம்சாவளியை ஆளுக்கொரு கட்டமாகக் கணினி மென்பொருளில் ஏற்றச் சொன்னார். ஆண்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தவர், சித்தியின் பெயரைக் கேட்டதும் முகம் கறுத்தார்.

“பொம்பள பேர வெளிய சொல்ற வழக்கம் நமக்கு உண்டாடா? ‘தெரியாது’ன்னு போடு.”

தேநீரோடு நின்ற சித்தி, “ஆமா, தினம் சோறு போடுறது யாருன்னும் தெரியாது” என்றாள்.

உன் கட்டம் வந்தது.

“வேற குலத்தானோட போனவளுக்கு எதுக்குடா கட்டம்?”

அவர் எதிரிலேயே ‘நவாரா’ என்று அடித்தேன். எழுந்து போய்விட்டார்.

உனக்கு மகள் பிறந்திருக்கிறாளாம். சந்தையில் யாரோ சொல்லித்தான் தெரியும். உனக்குக் கீழே அவளுக்கொரு கட்டம் திறந்து, ‘பெயர் தெரியாது’ என்று போட்டிருக்கிறேன். இந்த வம்சாவளியில் உள்ள ‘தெரியாது’களில் அது ஒன்றுதான் பொய்யில்லை.

அவளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாய், அக்கா?

உன் தம்பி