தீட்டுக் காலத்துக் கடல்

ஜனவரி 21, 2024
திருச்செந்தூர் போய் வந்தோம். கடலில் ஒரு முங்கு, உப்பைக் கழுவ நாழிக்கிணறு, தரிசனம், இலை விபூதி, வண்டி. நான் கடலைப் பார்த்ததே தலை துவட்டும்போதுதான். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாமே என்றேன். "அங்கன உக்காந்து என்ன செய்ய? தண்ணிதான" என்றார் என் வீட்டுக்காரர். அவருடைய அம்மா ஒருபடி மேல். "காத்துல மூக்கு அடைக்கும். வண்டியில ஏறு சித்ரா."

திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்து கடல் அப்படியொன்றும் தூரமில்லை. எனக்கு வேண்டியது ஒரு சாயங்காலம் — வேலை, வேண்டுதல் எதுவும் இல்லாமல் இவரோடு அலையைப் பார்த்து உட்கார வேண்டும். கல்யாணமான நாளாகக் கேட்கிறேன். பேராசையா?

பிப்ரவரி 20
அத்தை விடியற்காலையில் போய்விட்டார். நேற்றுகூட மிளகாய்ப்பொடியில் காரம் போதாது என்று சொன்னார்.

மார்ச் 6
பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அவருடைய அக்கா அன்னத்தாய் மதினி சட்டம் போட்டுவிட்டுப் போனார். "வருஷம் திரும்புத வரைக்கும் எந்தக் கோயில்லயும் கொடிமரம் தாண்டக் கூடாது, தம்பி. ஆனா அமாவாசைக்கு அமாவாசை கடல்ல தர்ப்பணம் குடுத்திரு. அம்மைக்கு அதுதான் சேரும்."

பக்கத்திலேயே தாமிரபரணி ஓடுகிறது. அதில் கொடுத்தால் சேராதாம். மாதாமாதம் கடல்! துக்க வீட்டில் இப்படி நினைக்கலாமா? நினைத்துவிட்டேன்.

மார்ச் 10
முதல் அமாவாசை. தர்ப்பணம் சீக்கிரமே முடிந்தது. கோயிலுக்குள் போக முடியாததால் இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செல்போனைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் கடலைப் பார்த்தார். "போவமா?" என்று நச்சரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 6
அமாவாசை. கரையில் இன்று "போவமா" இல்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

ஆகஸ்ட் 4
ஆடி அமாவாசை. மணலில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று அழுதுவிட்டார். "அம்மைய ஒரு தடவையாவது இங்கன உக்கார வச்சிருக்கலாம்." அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்திருப்பார் என்றேன். அழுகைக்கு நடுவில் சிரித்தார். அத்தை இருந்திருக்கலாம்.

அக்டோபர் 20
அமாவாசைகூட இல்லை. அவரே சட்டையை மாட்டிக்கொண்டு, "கடக்கரை வரைக்கும் பைய ஒரு நடை போயிட்டு வருவமா?" என்றார். அறுபது கிலோமீட்டர் நடை.

இருட்டும்வரை இருந்தோம். வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது — மாசியில் வருஷம் முடிகிறது. தீட்டுக் கழிந்ததும் பழையபடி முங்கு, வரிசை, வண்டி என்று ஆகிவிடுமே! தீட்டு நீடிக்க வேண்டும் என்று எந்தச் சாமியிடம் வேண்டுவது?

மார்ச் 9, 2025
வருஷம் கழிந்து முதல் தரிசனம். மதினியும் வந்திருந்தார். மாசித் திருவிழாக் கூட்டம். வரிசையில் சேரும் இடத்தில் இவர் நின்றுவிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, அக்கா. செருப்பையும் பையையும் நான் பாத்துக்கிடுதேன்."

"என்ன தம்பி இது? அதையெல்லாம் வைக்கதுக்குத்தான் இடம் இருக்கே."

"காணாமப் போயிரும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

ஆக, கடல்பித்து பிடித்தவள் கூட்டத்தில் நசுங்கினேன். முருகனைப் பார்த்தபோதும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. மதினி பிரசாதம் வாங்க நின்றார், நான் விறுவிறுவென்று மணலுக்கு வந்தேன். நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தேன்.

பையும் செருப்பும் எங்கோ பின்னால் கிடந்தன. இவர் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். திரும்பிப் பார்க்காமலே கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார், அவ்வளவு பெரிய கரையில்.