மூலைக்கு ஒரு நாற்காலி

ரெட்டியார்பாளையம்,
திங்கட்கிழமை

அன்பு மகள் தீபலட்சுமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் டெம்போவுக்குத்தான் உடம்பு சரியில்லை. நீயும் மாப்பிள்ளை தொமினிக்கும் அந்தப் பிரான்சுக் குளிரில் நன்றாக இருக்கிறீர்களா. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பது என் காதில் விழும், அதனால்தான். நீ ஏழாவதில் கணக்கில் பன்னிரண்டு மார்க் வாங்கி வந்த அன்று, நானே எட்டாவது பாஸ், என் வயிற்றில் பிறந்தவளா நீ என்று கரண்டியைத் தூக்கிக்கொண்டு துரத்தினேனே, நினைவிருக்கிறதா. அது பொய்யடி. நான் அஞ்சாவது முழுப் பரீட்சைக்கு முந்தின வாரமே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். அந்தக் கரண்டிக்கு இப்போதாவது மன்னித்துக்கொள்.

இந்தப் பொய்யை உன்னோடு நிறுத்தியிருக்கலாம். கல்யாண மண்டபத்தில் பதினோரு வருடமாகப் பெருக்கி, பாத்திரம் கழுவி, நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவள் நான். சூப்பர்வைசர் வேலை காலியானதும் புது மேனேஜர் வெற்றிச்செல்வன் இங்கே எட்டாவது பாஸானவர் யாராவது உண்டா என்று கேட்க, என் கை தானாக மேலே போய்விட்டது. வேலையும் கொடுத்துவிட்டார். சர்டிபிகேட் எங்கே என்றபோது புயல் மழையில் போய்விட்டது என்றேன். அதனாலென்ன, டூப்ளிகேட் வாங்குங்கள், ஆறு மாதத்தில் வரவில்லையென்றால் வேறு ஆளைப் போடுவேன் என்று சொல்லிவிட்டார். டூப்ளிகேட்டுக்கு ஒரிஜினல் ஒன்று எங்காவது இருக்க வேண்டுமே. வேறு வழியில்லாமல் எட்டாவது தனித்தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு எதிர்வீட்டு மாலாவிடம் டியூஷன் போனேன். பாயில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததெல்லாம் ஏழாவது படிக்கும் பிள்ளைகள். முதல் நாள் என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றன. மூன்றாம் நாளிலிருந்து நான் பார்த்து எழுதிவிடுவேன் என்று நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டன.

தமிழ் வந்தது, சமூகம் ஒரு மாதிரி வந்தது, கணக்கில்தான் மாட்டினேன். வர்க்க எண் என்று ஒன்று இருக்கிறது. ஏழு எழுதி, அதன் தலையில் பேன் உட்கார்ந்த மாதிரி ஒரு குட்டி இரண்டு. நான் ஈரேழு பதினாலு என்று எழுதினேன். இல்லைக்கா என்றாள் மாலா. அப்போது எழுபத்திரண்டா என்றேன். அவள் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அடுத்த வாரம் அதையே தலைகீழாகக் கேட்டாள், அதற்கு வர்க்கமூலம் என்று பெயராம். அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம், மூலம் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, உட்காரவே பிடிக்கவில்லை என்று சொன்னேன். மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தவளக்குப்பம் வரை போய் ஒரு கட்டு துத்திக் கீரை வாங்கி வந்து தானே கடைந்தும் வைத்துவிட்டார். கடைந்ததை வீணாக்க வேண்டாமென்று இரண்டு நாள் தின்றேன். “மூலத்துக்கு டியூஷன் போற ஒரே பொம்பள நீதான்டி” என்று இன்னும் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்குப் புரிந்தது மாலா வீட்டில் இல்லை, மண்டபத்தில். ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு நாற்காலி போட்டிருந்தேன். இன்னும் ஆள் வருகிறது, பார்க்க இதேபோல் சதுரமாக இருக்கட்டும் என்றார்கள் பெண் வீட்டார். பக்கத்தில் ஆறு போட்டேன், பின்னால் ஆறு போட்டேன், மூலையில் மட்டும் பல் விழுந்த மாதிரி ஓர் ஓட்டை. அங்கே ஒன்று போட்டதும் அடைந்தது. எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொன்பது. வரிசையும் ஏழு, வரிசைக்கும் ஏழு. அந்தக் குட்டி இரண்டு இதைத்தான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததா என்று அந்த மூலை நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பதினோரு வருடமாக வர்க்கம் போட்டிருக்கிறேன், எனக்கே தெரியாது. மூலம் என்பது மொத்த நாற்காலியைச் சொல்லி எத்தனை வரிசை என்று கேட்பது, அவ்வளவுதானடி, கீரையெல்லாம் வேண்டியதில்லை. பரீட்சையில் பதிமூன்றின் வர்க்கம் வந்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு நூற்று நாற்பத்து நாலு என்று ஏற்கெனவே தெரியும். பக்கத்தில் பன்னிரண்டு, பின்னால் பன்னிரண்டு, மூலைக்கு ஒன்று, ஆக நூற்று அறுபத்தொன்பது. கணக்கில் முப்பத்தெட்டு மார்க். பாஸ்.

சர்டிபிகேட்டைப் பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன். அதில் இந்த வருடத் தேதி இருக்குமே என்று இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. வெற்றிச்செல்வன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மழையில போச்சுன்னீங்க. இதுல மையே காயலியேக்கா” என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அழுகை வேறு வந்துவிட்டது. அவர் சர்டிபிகேட்டைப் பைலில் செருகினார். அப்புறம் “ஞாயித்துக்கிழமை ரிசப்ஷன் உங்க பொறுப்பு, அத பாத்துட்டு சொல்றேன்” என்று பைலை மூடினார்.

உங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும், நான் கும்பிடுகிற சாமியும் மாப்பிள்ளை கும்பிடுகிற மாதாவும் சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. உன் விசா அட்டை மாசியில் முடிகிறது என்றாயே, கடைசி வாரம் வரை விட்டுவைக்காதே.

சூப்பர்வைசர் வேலை எனக்குத்தான் என்று இன்று காலை மேனேஜர் சொல்லிவிட்டார். நாற்காலி போடுவதை மட்டும் வேறு ஆளிடம் கொடுத்திருக்கிறார். நேற்று நான் பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, சுவரிலிருந்து சுவர் வரை நூல் பிடித்த மாதிரி போட்டிருந்தேன். எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். பேண்டு வாசித்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு வாசலில் வந்து நின்றார்கள். நடுவில் நடக்க நான் வழியே விடவில்லை. இருவரும் வெளியே சுற்றிப் போய், சமையல்கட்டு வழியாகக் குருமா அண்டாவைத் தாண்டி மேடை ஏறினார்கள்.

இப்படிக்கு
உன் அம்மா
அஞ்சலாட்சி