உன்னைப் பற்றி நான் சொன்னது

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, பட்டறையில் பெரிய லேத் மெஷினுக்கு பெல்ட் மாற்றியாயிற்று, அதெல்லாம் அப்புறம். ஒரு காரியத்தைச் செய்துவிட்டு இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. இன்றைக்கு நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன் என்று உன் அக்கா பிடிவாதமாக நிற்கிறாள், இதைப் படமெடுத்து உனக்கு அனுப்பப் போவதும் அவள்தான்.

திங்கட்கிழமை காலை, அந்த நாட்டில் நீ வேலைக்கு மனுப் போட்டிருக்கும் கம்பெனியிலிருந்து நம் பாஷை பேசுகிற ஒரு பெண் கூப்பிட்டாள். ஆறு வருஷம் நம் பட்டறையில் வேலை பார்த்ததாகவும், முதலாளியே அப்பாதான் என்றும் நீ மறைக்காமல் எழுதியிருக்கிறாயாம். உன் வேலை எப்படி என்று கேட்டாள். பெற்றவனே பிள்ளையைப் பற்றி முன்பின் தெரியாதவர்களிடம் பெருமையடித்தால் நன்றாகவா இருக்கும். ஏதோ சுமாரா செய்வான்மா, கொஞ்சம் அவசரக்காரன், நீங்கதான் திருத்தி எடுத்துக்கணும் என்றேன். கடைசியாக, திரும்பி வந்தால் மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா என்று கேட்டாள். எடுப்பேன் என்றால் உன்னை இங்கேயே அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, எடுக்க மாட்டேன்மா என்று அழுத்தமாகச் சொன்னேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பிடும்போது, மரியாதையாகப் பேசி முடித்தேன் என்று பெருமையாக வேறு சொன்னேன். அக்கா தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். அங்கே சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்வார்களாம், சுமார் என்றால் சுமார்தானாம், பெத்த அப்பாவே வேண்டாங்கறப்ப வேற யாரு எடுப்பாங்க என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை முடிவு என்பதும், இது கிடைக்காவிட்டால் இந்த மாசத்தோடு விசா முடிந்து நீ கிளம்ப வேண்டும் என்பதும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்களிடம் நீ மூச்சு விடவில்லை.

அந்தக் கம்பெனி மேனேஜருக்கு ஒரு பழக்கூடை அனுப்பிச் சமாதானம் செய்யலாமா என்று கேட்டேன், லஞ்சம் என்று நினைத்து இருக்கிறதும் போய்விடும் என்று அக்கா கத்தினாள். நானே கூப்பிடவும் கூடாதாம், உன்னைச் சின்னப் பிள்ளை என்று எடுத்துக்கொள்வார்களாம். அதனால் நீயே அவர்களுக்கு இரண்டு வரி எழுது. சுற்றி வளைக்காதே, எனக்காகப் பூசி மெழுகாதே. எங்கள் வீட்டில் சொந்தப் பிள்ளையைப் புகழ்கிற பழக்கமில்லை, அப்பா அப்படிச் சொன்னது அதனால்தான், அவரையே இன்னொரு தடவை கூப்பிட்டுக் கேளுங்கள் என்று எழுது. நாளைக்கு முழுக்க லேத்தை நிறுத்திவிட்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

வாய் குழறக் கூடாது என்று பதிலை எழுதியே வைத்துவிட்டேன். இவன் கைபட்ட வேலை ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை, வாடிக்கைக்காரர்கள் இன்றைக்கும் பையன் எங்கே என்றுதான் கேட்கிறார்கள், என்னைவிடக் கெட்டிக்காரன், வந்தால் என் நாற்காலியையே கொடுப்பேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இதுல ஒரு வரியாவது அவன்கிட்ட சொல்லியிருக்கீங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. அந்த இரண்டு வரியை இன்றைக்கே அனுப்பிவிடு, என்மேல் உள்ள கோபத்தை வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா