டீ மேசைக்கு அடியில் கிடந்த காகிதம்

அந்தியூரில் இருக்கும் மாசாணிக்கு, கோயமுத்தூரிலிருந்து உன் வீட்டுக்காரன் மாரப்பன் சொல்லி எழுதுவது. நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

நேற்று ஒரு கூத்து. நான் டீ போடும் ஆபீசில் மெர்சி அம்மணி வெப்சைட்டுக்கான பட்டன், பெட்டியெல்லாம் கம்ப்யூட்டர் புரோகிராமாக எழுதி, ஒரு வரி தட்டி, எல்லோரும் எடுத்துக்கொள்ளும் இன்டர்நெட் பொதுக் கிடங்குக்கு அனுப்பும். நேற்று கிடங்கு ரகசிய எண் கேட்டது. எண் காட்டும் போனோ தண்ணீரில் விழுந்து செத்துப்போச்சு. அவசரத்துக்கு எண்களை அச்சடித்து வைத்த காகிதத்தையும் காணோம். நாலு மணிக்குள் அனுப்பாவிட்டால் வேலை போய்விடும் என்று அழுதது.

"ஏனுங்க அம்மணி, ஓரத்துல சிவப்புக் கோடு போட்ட காகிதமுங்களா?"

"ஆமாங்கய்யா! பார்த்தீங்களா?"

"தைப்பூசத்துக்கு மறுநாள், டீ மேசை ஆடுதுன்னு நாந்தானுங்க நாலா மடிச்சுக் காலுக்கடியில வெச்சுப்போட்டேன்."

"அடப்பாவி அய்யா! அதுமேலயா இத்தனை மாசமா டீ குடிச்சேன்?"

காகிதத்தை எடுத்து அம்மணி எண்ணைத் தட்டியதும் எல்லாம் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது. மணி மூணே முக்கால். "என்ன வேணும், கேளுங்கய்யா" என்றது. ஊட்டுக்கு ஒரு கடுதாசி எழுதித் தாங்க என்றேன். அதுதான் எழுதுகிறது.

பவானி ஜமக்காளத்தைக் கொடுத்தனுப்பு, தரை சில்லிடுகிறது. பதிலை யாரிடமாவது சொல்லி எழுதி அனுப்பு. நீளமாகவே எழுது, அம்மணி ரெண்டு தரம் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறது. அம்மணிக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு, இத்தோடு நிறுத்துகிறேன்.

மாரப்பன்