லக்சிகாவின் வீட்டுப்பாடக் கொப்பிகள்

இஞ்சாருங்கோ,

லக்சிகாவைச் சோதித்துப் பார்க்க வவுனியாவுக்குக் கூட்டிப்போகிறேன். சோறும் கறியும் குசினியில் மூடியிருக்கின்றன.

"பள்ளிக்கூடத்திலேயே பாத்துச் சொல்லிப்போட்டினம், அவளுக்குச் சோம்பல்தான். பிறகென்ன வெளியாக்கள்?" என்று நேற்றுக் கத்தினீர்கள். வீட்டில் பிழையில்லாமல் எழுதுகிற பிள்ளை வகுப்பில் வேண்டுமென்றே எழுதுவதில்லை என்றுதான் அவர்களின் அறிக்கையில் இருக்கிறது.

வவுனியாவில் அவளைப் பார்க்கப்போகிற டொக்டர் வீட்டுப்பாடக் கொப்பிகளைக் கொண்டுவரச் சொன்னார். அவற்றில் இருப்பதெல்லாம் என் எழுத்து. வகுப்பில் அடி விழக்கூடாதென்று இரண்டு வருடமாக, பிள்ளையின் எழுத்துப்போலத் தெரிய இடக்கையால் நான்தான் எழுதிக்கொடுத்தேன். ஒன்பது வயதாகியும் அவளால் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியவில்லை. இன்று அங்கே உண்மையைச் சொல்லப்போகிறேன்.

சுதர்சினி

வீட்டைப் பூட்டித் திறப்பைக் கிணற்றடி வாளிக்குள் வைத்திருக்கிறேன்.

போன கிழமை நீங்கள் அடித்தபோதும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பின்னேரம் நாங்கள் திரும்பி வந்ததும் அவளிடம் ஒன்றும் கேட்காதீர்கள். என்னைக் கேளுங்கள்.