தொண்ணூற்றாறில் கொதித்த தண்ணீர்

மச்சான்,

இன்று காலை நோர்வூட் தாண்டியதும் ஒரே பனிமூட்டம். கண்ணாடி துடைக்கத் துணி தேடிக் காரின் முன்பெட்டியைத் திறந்தேன். உன் பழைய காலுறை ஒன்று கையில் வந்தது. அதற்குள் அந்த நீளக் கண்ணாடித் தெர்மாமீட்டர். மூக்கருகே பிடித்துப் பார்த்தேன். நீ போய் ஒரு வருடமாகிறது, தேயிலைத் தூள் மணம் இன்னும் போகவில்லை.

இதே பாதையில்தான் அன்று நான் முட்டாள்தனம் செய்தேன். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மாவைக் குளவி கொட்டிவிட்டது. லொறி கேட்டால், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். "கொழுந்த எறக்கிட்டுத்தான் வரும்." கொழுந்து வாடினால் கேட்க ஆள் உண்டு, எடுத்தவள் வீங்கினால் கேட்க ஆளில்லை. அப்பா விட்டுப்போன இந்தக் கிழட்டுக் காரில் அம்மாவைத் தூக்கிப் போட்டோம். நான் ஓட்டினேன். பாதி ஏற்றத்தில் சூடு காட்டும் முள் விறுவிறுவென்று சிவப்புக்குப் போனது. நிறுத்திவிட்டேன்.

"பொகையும் வரல ஒண்ணும் வரல. ஓட்டுடா!" என்று கத்தினாய்.

"எஞ்சின் சூட்டுல இறுகிப் புடிச்சிக்கிட்டா?"

"எஞ்சின் கெடக்கட்டும். அம்மா மொகத்தப் பாரு."

நான் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம். அம்மாவின் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. கடைசியில் ஒரு ஆட்டோ வந்து ஏற்றிக்கொண்டது. அம்மா பிழைத்தது அந்த ஆட்டோக்காரர் புண்ணியம்.

நான் அம்மாவோடு ஆட்டோவில் ஏறும்போது முள் இன்னும் சிவப்பில்தான். நீ பொனட்டைத் திறந்து ரேடியேட்டர் குழாயைப் பிடித்தாய். உன் கை அதிலேயே இருந்தது. "கொதிக்கிற எஞ்சின இப்படிப் புடிக்க முடியுமா? முள்ளு பொய் சொல்லுது."

அன்றிலிருந்து எஞ்சின் லேசாகச் சூடானாலே முள் சிவப்பில்தான். ஹட்டனில் ஒரு மெக்கானிக் முள்ளை மட்டும் பார்த்துவிட்டு, எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்றான். நீ சிரித்தாய். "நாடி புடிக்காமயே ஆப்பரேசன் பண்ணப் போறான்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சட்டைகூட மாற்றாமல் வந்தாய். கையில் இந்தத் தெர்மாமீட்டர். தொழிற்சாலையில் தேயிலை காய வைக்கும் டிரையரில் உனக்கு வேலை. பிடி உடைந்ததென்று அங்கே ஒதுக்கிப் போட்டிருந்ததை எடுத்து வந்திருந்தாய். எஞ்சினில் திருகியிருந்த சிறிய பித்தளைச் சென்சரைக் கழற்றினாய். சூட்டை உணர்ந்து முள்ளுக்குச் சொல்வது அதுதான். வயரைப் பிடுங்கினால் முள் கீழே விழுந்தது. வயர் நுனியை எஞ்சின் இரும்பில் தொட்டால் மேலே பாய்ந்தது. "முள்ளும் வயரும் நல்லாத்தான் இருக்கு. சேதி சொல்றவன்தான் புளுகுறான்" என்றாய்.

நான் நம்பவில்லை. காருக்குப் பக்கத்திலேயே மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்ற வைத்துக் கேத்தலை ஏற்றினாய். வயரை மறுபடி மாட்டி, சென்சரின் உடம்பிலிருந்து இன்னொரு வயரை எஞ்சினுக்கு இழுத்துக் கட்டி, சென்சரையும் தெர்மாமீட்டரையும் தண்ணீரில் விட்டாய். அறுபது பாகையிலேயே முள் சிவப்பைத் தொட்டது. தண்ணீர் தளதளவென்று கொதித்தபோது தெர்மாமீட்டர் தொண்ணூற்றாறில் நின்றது. அதற்கு மேல் அசையவே இல்லை.

எனக்குக் கொண்டாட்டம். "ஒன் தெர்மாமீட்டரும் பொய்யிதான். தண்ணி நூறுலதான் கொதிக்கும். அப்ப அந்த அறுபதும் பொய்யி."

"யாரு சொன்னா?"

"பொஸ்தகத்துல இருக்கு."

"பொஸ்தகம் எழுதுனவன் கொழும்புல கொதிக்க வச்சிருப்பான் வாத்தியாரே. மேல வந்து வச்சிப் பாக்கச் சொல்லு. டீக்குத் தண்ணி கொதிக்கிறப்பல்லாம் இத விட்டுப் பாத்திருக்கேன். நம்ம மலையில தண்ணி நூறு வரைக்கும் பொறுக்காது."

நான் விஞ்ஞானம் படிப்பிப்பவன். வீட்டுக்குள் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். "கடல் மட்டத்தில்" என்று அதிலேயே இருந்தது. அந்த இரண்டு சொல்லை நான் ஒரு வகுப்பிலும் நிறுத்தி வாசித்ததில்லை. கடலையே பார்க்காத பிள்ளைகளுக்குக் கடல் மட்டத்துக் கணக்கை ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். நீ தினமும் சூட்டை அளந்தவன், ஆனாலும் தொழிற்சாலையில் உனக்குப் பெயர் வெறும் லேபர். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பழைய சாமான் கடையில் இன்னொரு சென்சர் கிடைத்தது. அதையும் அதே கேத்தலில் விட்டுப் பார்த்தோம். எண்பதில் முள் நடுவில் நின்றது, கொதிக்கும்போது சிவப்பின் ஓரத்துக்குப் போனது. மாட்டினோம். அடுத்த கிளினிக் நாளில் அம்மா காரில் ஏறும்போதே கேட்டாள்: "இன்னைக்காவது முழு தூரம் போகுமா, இல்ல பாதியில எறக்கி விட்ருவீங்களா?" நீ கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்து லயத்து நாயெல்லாம் குரைத்தது.

உன்னைக் காய்ச்சல் ஒரு வாரத்தில் கொண்டுபோனது. ஆஸ்பத்திரிக்கு இதே காரில்தான் போனாய். வழியில் ஓரிடத்திலும் நிற்கவில்லை. எனக்கு அந்த ஆறுதல் போதும்.

ஒன்று செய்திருக்கிறேன். பகலெல்லாம் நான் பள்ளியில். குளவி பள்ளி விடும்வரை காத்திருக்காது. அதனால் உன் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். சாவி இப்போது உன் வீட்டு ஆணியில் தொங்குகிறது. இன்றும் அவள்தான் ஓட்டுகிறாள். நான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கிளினிக்குக்குப் போகும் அம்மா பின்னால் இருந்து, "நீயே ஓட்டு தாயி, வாத்தியார் ஓட்டுனா நின்னுரும்" என்கிறாள்.

தெர்மாமீட்டரைக் காலுறையில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன். நாளை எட்டாம் வகுப்பில் கேத்தல் வைக்க வேண்டும். பரீட்சையில் நூறு என்று எழுதச் சொல்வேன், மதிப்பெண் போடுபவன் இங்கே வரப்போவதில்லை. ஆனால் தொண்ணூற்றாறை அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நூறு எழுதுவார்கள்.

ஏற்றம் தொடங்கியது. ஸ்டெல்லா கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகுதான் முள்ளைப் பார்த்தாள். நான் அன்று பார்க்காத வரிசை அது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை, மச்சான்.

முள் நடுவில்தான் நின்றது. கியரை மாற்றி மேலே ஏறினாள்.